மிளகளவு பிரைமர்: தோட்டாத் தட்டுப்பாட்டில் ரீலோடிங் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

2020 தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் 50 தோட்டா கொண்ட 9 மி.மீ. பெட்டி சுமார் 10 டாலருக்குக் கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் அதே பெட்டிக்கு 40 டாலருக்கு மேல் கேட்டார்கள். அதையும் ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று அளந்துதான் கொடுத்தார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வாளி வாளியாகச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு உடனே தோன்றிய யோசனை, நாமே நிரப்பிக்கொள்ளலாமே என்பதுதான். கடைக்குப் போனால் கூட்டை மீண்டும் நிரப்ப உதவும் ரீலோடிங் பிரஸ் இருந்தது, குண்டு ஓரளவு இருந்தது, பவுடர்கூட ஒன்றிரண்டு புட்டி இருந்தது. பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் மட்டும் இல்லை. தோட்டா தீர்வதற்கு முன்பே அது தீர்ந்திருந்தது.

அமெரிக்காவில் ஒவ்வொரு தட்டுப்பாட்டின்போதும் இதுதான் நடக்கிறது. 2008 தேர்தலுக்குப் பிறகும் நடந்தது, 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலையைத் தொடர்ந்து சட்டம் கடுமையாகும் என்ற பேச்சு கிளம்பியபோதும் நடந்தது, கொரோனா காலத்திலும் நடந்தது. வீட்டில் தோட்டா நிரப்புவது தட்டுப்பாட்டைக் கடக்க உதவும் என்பது உண்மை. ஆனால் தட்டுப்பாடு வருவதற்கு முன்பே தொடங்கி, பொருளைச் சேர்த்து வைத்தவருக்குத்தான் அது உதவும்.

தோட்டா ஒன்றில் நான்கே பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே பவுடர், வாயில் குண்டு. கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். குறைந்த அழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கிக் கூடு பத்து முறைக்கு மேலும் தாங்கும். குண்டை, மனமிருந்தால், ஈயத்தை உருக்கி வீட்டிலேயே வார்த்துக்கொள்ளலாம். பவுடரையும் பிரைமரையும் வீட்டில் செய்ய முடியாது, முயலவும் கூடாது. பிரைமர் என்பது 4.45 மி.மீ. அல்லது 5.33 மி.மீ. விட்டமுள்ள ஒரு உலோகக் கிண்ணம், மிளகளவுதான். அதற்குள் லெட் ஸ்டிஃப்னேட் என்ற வெடிபொருள் கலந்த பூச்சும் ஒரு சின்ன பட்டடையும் இருக்கும். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தைக் குத்தும்போது பூச்சு பட்டடையில் நசுங்கித் தீப்பொறி கிளம்பும். தொழிற்சாலையில் இந்தப் பூச்சை ஈரமாக வைத்துத்தான் கையாளுகிறார்கள், உலர்ந்துவிட்டால் உராய்வே போதும்.

பட்டடை எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் ரீலோடிங் சாத்தியமா என்பதே முடிவாகிறது. 1866இல் இரண்டு வடிவங்கள் பிறந்தன. ஆங்கிலேயரான பாக்ஸரின் வடிவத்தில் பட்டடை பிரைமருக்குள் இருக்கும், கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. அமெரிக்கரான பெர்டனின் வடிவத்தில் பட்டடை கூட்டிலேயே இருக்கும், ஓரமாக இரண்டு சிறு துளை. அமெரிக்காவில் ஆங்கிலேயரின் முறை நிலைத்தது, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அமெரிக்கரின் முறை. பாக்ஸர் கூட்டில் நடுத்துளை வழியே ரீலோடிங் கருவியின் ஊசி இறங்கிப் பழைய பிரைமரைத் தள்ளிவிடும். பெர்டன் கூட்டில் ஊசி பட்டடையில் முட்டி உடையும். பொறுக்கிய கூடுகளை டார்ச் அடித்து உள்ளே பார்த்துப் பிரிக்காதவர்கள் முதல் நாளிலேயே ஊசியை உடைப்பது இதனால்தான்.

இனி, பிரைமர் ஏன் முதலில் காணாமல் போகிறது என்று பார்க்கலாம். அமெரிக்காவில் பெரிய அளவில் பிரைமர் செய்பவை நீண்ட காலமாக நான்கு பெயர்கள்தான்: ஐடஹோவின் லூயிஸ்டனில் சிசிஐ, மினசோட்டாவின் அனோக்காவில் ஃபெடரல், ஆர்கன்சாவின் லோனோக்கில் ரெமிங்டன், மற்றும் ஓலின் நிறுவனத்தின் வின்செஸ்டர். இந்த நால்வரும் தோட்டாவும் செய்கிறார்கள். ஆலையில் வரும் பிரைமர் முதலில் அவர்களுடைய தோட்டாவுக்குள் போகும், மிஞ்சியதுதான் தனிப் பெட்டியாகக் கடைக்கு வரும். தேவை எகிறும்போது மிச்சம் என்பதே இல்லாமல் போகிறது. பிரைமராக விற்றால் சில சென்ட், தோட்டாவாக விற்றால் அதைப் போலப் பல மடங்கு. எந்த ஆலை நிர்வாகமும் இதில் வேறு முடிவு எடுக்காது.

2020இல் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. துப்பாக்கி வாங்குவோருக்கான எஃப்பிஐ பின்னணிச் சோதனைகள் 2019இல் சுமார் 2.84 கோடி, 2020இல் சுமார் 3.97 கோடி. அந்த ஆண்டில் முதல்முறை துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்பது துறைச் சங்கத்தின் மதிப்பீடு. ஆளுக்கு இரண்டு பெட்டி தோட்டா வாங்கினாலே அது 84 கோடித் தோட்டா. அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் திவாலானது, அதன் தோட்டா ஆலையை விஸ்டா அவுட்டோர் வாங்கி மீண்டும் முழு ஓட்டத்துக்குக் கொண்டுவரும்வரை நால்வரில் ஒருவர் தள்ளாடிக்கொண்டிருந்தார். சிசிஐயும் ஃபெடரலும் ஏற்கெனவே விஸ்டாவிடம்தான் இருந்தன. அந்த மூன்று பெயர்களும் 2024 நவம்பரில் செக் நாட்டு நிறுவனமான செக்கோஸ்லோவாக் குரூப் கைக்குப் போயின. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் நான்கு பெட்டிகளுக்குப் பின்னால் இப்போது இரண்டே முதலாளிகள்.

விலையும் அதற்கேற்பத்தான். தட்டுப்பாட்டுக்கு முன் 1,000 பிரைமர் 30 டாலரை ஒட்டி இருந்தது. 2021இல் தனியார் கைமாற்று விற்பனையில் 150, 200 என்று போனது. பிறகு இறங்கியது, ஆனால் பழைய விலைக்குத் திரும்பவே இல்லை.

பவுடரின் கதை வேறு. புகையில்லாப் பவுடரின் உயிர்நாடி நைட்ரோசெல்லுலோஸ், அதாவது பஞ்சை அமிலத்தில் ஊறவைத்து எடுக்கும் வெடிபஞ்சு. நீலகிரியின் அருவங்காட்டில் நூற்றாண்டைத் தாண்டி நடக்கும் கார்டைட் ஆலையின் பெயருக்கே காரணமான பொருளும் இதிலிருந்துதான் வருகிறது. உக்ரைன் போர் தொடங்கியபின் 155 மி.மீ. பீரங்கிக் குண்டுகளுக்கான உந்துமருந்துக்கு உலகம் முழுக்க இதே வெடிபஞ்சு தேவைப்பட்டது. ஒரு பீரங்கிக் குண்டை எறியப் பல கிலோ உந்துமருந்து வேண்டும், அதை வைத்துப் பல்லாயிரம் கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்பலாம். அதோடு அமெரிக்க ரீலோடர்கள் விரும்பும் பல பவுடர்கள் அமெரிக்காவிலேயே செய்யப்படுபவை அல்ல. ஹாட்ஜ்டன் என்ற பவுடர் நிறுவனத்தின் பெயரில் விற்கும் குச்சிவடிவ ரைஃபிள் பவுடர்களில் பல ஆஸ்திரேலியாவின் மல்வாலாவிலிருந்து வருகின்றன, உருண்டைப் பவுடர்கள் ஃபுளோரிடாவின் செயின்ட் மார்க்ஸிலிருந்து. அதனால் பிரைமர் திரும்பிவந்த பிறகும் சில ரைஃபிள் பவுடர்கள் மாதக்கணக்கில் வராமல் போகின்றன.

இந்தப் பொழுதுபோக்கே தட்டுப்பாட்டில் வளர்ந்ததுதான். கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் 1943இல் ஃப்ரெட் ஹண்டிங்டன், போர்க்காலத்தில் நல்ல குண்டு கிடைக்காததால், சுட்டுப்போட்ட .22 கூடுகளையே மேலுறையாக்கிக் குண்டு அழுத்தும் டை, அதாவது உலோக அச்சு, செய்தார். அந்தக் கருவியின் பெயர்ச் சுருக்கம்தான் இன்றைய ரீலோடிங் கருவிப் பெயரான ஆர்சிபிஎஸ். போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட பவுடரை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்றுத்தான் ஹாட்ஜ்டனும் வளர்ந்தது.

செலவுக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பவுடரை அளக்கும் அலகு கிரெய்ன், 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 9 மி.மீ. தோட்டாவுக்கு 4.5 கிரெய்ன் என்று வைத்துக்கொள்வோம் (இது கணக்குக்காக மட்டுமே, நிரப்பும் அளவு அல்ல). பவுண்டு 40 டாலர் என்றால் பவுடர் 2.6 சென்ட். பிரைமர் 8, குண்டு 10. கூட்டுக்குச் செலவில்லை. மொத்தம் 20.6 சென்ட். கடையில் தோட்டா 25 சென்ட் என்றால் மிச்சம் நாலரை சென்ட்கூட இல்லை. சாதாரண ஒற்றை நிலை பிரஸ்ஸில் மணிக்கு 60 தோட்டா நிரப்பினால் ஒரு மணி நேர உழைப்புக்கு இரண்டரை டாலர். கருவிகளுக்குப் போட்ட 350 டாலரை மீட்க 8,000 தோட்டா நிரப்ப வேண்டும். பிரைமர் 20 சென்ட் ஆன காலத்தில் அடக்கவிலையே 33 சென்ட் ஆகிவிடுகிறது.

6.5 கிரீட்மூர் போன்ற போட்டி ரைஃபிள் தோட்டாவில் கணக்கு தலைகீழ். குண்டு 50 சென்ட், பவுண்டு 50 டாலர் பவுடரில் 40 கிரெய்னுக்கு 29 சென்ட், பிரைமர் 9, பத்து முறை பயன்படும் ஒரு டாலர் கூட்டுக்கு 10. மொத்தம் 98 சென்ட். கடைத் தோட்டா 1.75 டாலர் என்றால் ஒன்றுக்கு 77 சென்ட் மிச்சம், 455 தோட்டாவில் கருவிச் செலவு வந்துவிடும். அதோடு தன் துப்பாக்கிக்கே பொருந்திய துல்லியமும் கிடைக்கும். ஆகவே 9 மி.மீ.க்காக மட்டும் ரீலோடிங் தொடங்குவது பணக் கணக்கில் எடுபடாது என்பதே எங்கள் கருத்து. விலையுயர்ந்த ரைஃபிள் தோட்டா, .44 மேக்னம் போன்ற பெரிய ரிவால்வர் தோட்டா, கடையில் அரிதாகவே கிடைக்கும் பழைய அளவுகள், இவற்றில்தான் லாபம்.

வேலை கூட்டிலிருந்து தொடங்குகிறது. விரிசல், பள்ளம், அடியிலிருந்து சற்று மேலே பளபளக்கும் வளையம் இவற்றைத் தேட வேண்டும். வளையம் தெரிந்தால் சுவர் உள்ளே மெலிந்துவிட்டது, அடுத்த சுடுதலில் கூடு இரண்டாகப் பிரியலாம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடிவரை இழுத்தால் மெலிந்த இடம் சிறு பள்ளமாகக் கையில் தட்டுப்படும். பிறகு சோளத்தக்கைத் தூள் நிறைந்த, கூடுகளை உருட்டித் தேய்க்கும் டம்ளர் என்ற கருவியில் போட்டுச் சுத்தம் செய்கிறார்கள். அந்தத் தூசியில் பிரைமர் எச்சத்தின் ஈயம் உண்டு. டம்ளரை வீட்டுக்குள் திறக்காமல், மூடியோடு வெளியே கொண்டுபோய்த்தான் திறக்க வேண்டும்.

சுடும்போது கூடு, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் அளவுக்கு விரிந்திருக்கும். டை அதைப் பழைய அளவுக்கு இறுக்கும், அதே அசைவில் பழைய பிரைமரையும் தள்ளிவிடும். கைத்துப்பாக்கிக் கூட்டுக்குக் கார்பைடு டை இருந்தால் மசகு வேண்டாம். கழுத்து குறுகிய ரைஃபிள் கூட்டுக்குக் கட்டாயம் வேண்டும். மசகு குறைந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும், அடியில் துளையிட்டுத் திருகாணி போட்டு இழுத்துத்தான் எடுக்க முடியும். மசகு மிகுந்தால் தோளில், அதாவது கூடு கழுத்தாகக் குறுகும் சரிவில், பள்ளம் விழும். தோளை அறையளவிலிருந்து ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்தள்ளுவது நடைமுறை. டையை இறுக்கித் தேவைக்கு மேல் தள்ளினால் ஒவ்வொரு முறையும் கூடு நீண்டு மெலியும், மேலே சொன்ன வளையம் அதனால்தான் வருகிறது. நீண்ட கூட்டை வெட்டியாக வேண்டும். .223 ரெமிங்டன் கூட்டின் உச்ச நீளம் 1.760 அங்குலம், வெட்டும் அளவு 1.750. நீளத்தைக் கவனிக்காமல் விட்டால் வாய் அறையின் முனையில் சிக்கிக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும்.

இராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி ஒரு நெரிப்பு இருக்கும். அதை அகற்றாமல் புதிய பிரைமரை அழுத்தினால் அது கோணலாக நசுங்கும். பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே அமர வேண்டும். விரலால் தடவினால் லேசான குழிவு தெரிய வேண்டும். துருத்தி நின்றால் தானியங்கித் துப்பாக்கியில் பூட்டு மோதும் வேகத்திலேயே வெடிக்கலாம்.

பவுடர் நிரப்புவதுதான் இதயம். அளவை எப்போதும் பவுடர் நிறுவனத்தின், அல்லது லைமன், ஹார்னடி, ஸ்பீர் போன்றோரின் அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். ஹாட்ஜ்டன் தன் அளவுகளை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏற வேண்டும், உச்ச அளவில் தொடங்கக் கூடாது. தராசைச் சோதனை எடைக்கல் வைத்துச் சரிபார்த்த பிறகே வேலை. மின்விசிறிக் காற்றிலும் அருகில் வைத்த செல்பேசியாலும் மின்னணுத் தராசு தடுமாறும்.

9 மி.மீ. கூட்டில் பல பவுடர்களின் அளவு பாதிக்கும் கீழேதான் நிற்கும். அதனால் தவறி இரண்டாவது முறை கொட்டினாலும் கூடு வழியாது, குண்டும் அமரும், வெளியிலிருந்து எதுவும் தெரியாது. துப்பாக்கியே வெடித்துச் சிதறுவது பெரும்பாலும் இப்படித்தான். 50 கூடுகளை மரக்கட்டைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, நிரப்பியதும் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் அந்த வரிசையையே கொட்டித் திரும்ப அளப்பது நல்லது. கைப்பிடியின் ஒரே இழுப்பில் பல வேலைகளைச் செய்யும் தொடர்நிலை பிரஸ் வைத்திருப்பவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இயந்திரம் சிக்கி, சரிசெய்து, மீண்டும் கைப்பிடியை இழுக்கும் அந்த நேரத்தில்தான். சிக்கினால் தட்டிலுள்ள கூடுகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது சில நிமிட வேலைதான்.

பவுடரே விழாத கூடு இன்னொரு ஆபத்து. பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிடும். வழக்கமான ஓசைக்குப் பதில் மந்தமான ‘டப்’ மட்டும் கேட்கும், உதைப்பு இருக்காது. அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். மெதுவாக ஒலித்தால் நிறுத்தி, தோட்டாக்களை இறக்கி, குழலுக்குள் கம்பி விட்டுப் பார்க்காமல் மறுபடி விசையைத் தொடக் கூடாது.

குண்டை அமர்த்தும்போது மொத்த நீளம் முக்கியம். 9 மி.மீ.க்கு உச்ச நீளம் 1.169 அங்குலம், ஆனால் குண்டின் வடிவத்தைப் பொறுத்துக் கையேடு குறைந்த நீளத்தைச் சொல்லும். அதைவிட ஆழமாக அமர்த்தினால் சின்னக் கூட்டுக்குள் இடம் சுருங்கி அழுத்தம் வேகமாக ஏறும். வாய் தளர்வாக இருந்தால் துப்பாக்கிக்குள் ஏறும்போதே குண்டு பின்னால் தள்ளப்பட்டு இதே விளைவு வரும். முடித்த தோட்டாவை மேசை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தி, பிறகு காலிப்பரில் அளந்து பார்ப்பது எளிய சோதனை.

இதெல்லாம் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். தட்டுப்பாட்டுக்கே உரிய ஆபத்து, கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவது. வின்செஸ்டர் 231ம் எச்பி-38ம் ஒரே பவுடர், எச்110ம் வின்செஸ்டர் 296ம் ஒரே பவுடர். எண் வேறான இந்த இரண்டு ஜோடிகளே ஒன்று என்றால், எண் ஒன்றானால் பவுடரும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. எச்4895ம் ஐஎம்ஆர் 4895ம் வேறு வேறு. ‘4350’ என்று முடிபவையும் அப்படியே. அளவைக் குறைத்துப் பவுடரை மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனையும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எச்110 அளவை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று ஹாட்ஜ்டனே எச்சரிக்கிறது, குறைத்தால் பவுடர் சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே நிற்கலாம்.

பிரைமரிலும் இதேதான். சின்ன ரைஃபிள் பிரைமரும் சின்ன கைத்துப்பாக்கிப் பிரைமரும் அகலத்தில் ஒன்று. ஆனால் கைத்துப்பாக்கிப் பிரைமரின் கிண்ணம் மெல்லியது. அதை .223இல் போட்டால் ஊசி துளைத்துச் சூடான வாயு பின்னால் பீறிடும். பெரிய ரைஃபிள் பிரைமர் பெரிய கைத்துப்பாக்கிப் பிரைமரைவிட உயரம், கைத்துப்பாக்கிக் கூட்டில் துருத்தி நிற்கும். சாதாரணத்துக்குப் பதில், அதைவிட வலுவாகப் பற்றவைக்கும் மேக்னம் பிரைமர்தான் கிடைத்தது என்றால் தொடக்க அளவுக்கு இறங்கி, மீண்டும் படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

சேமித்து வைப்பதற்கும் அளவு உண்டு. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகுப்பு வீட்டில் 20 பவுண்டு பவுடர் வரை அதன் சொந்தப் புட்டியிலும், அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஓர் அங்குலப் பலகையாலான மரப்பெட்டியிலும், பிரைமர் 10,000 வரையும் வைக்க அனுமதிக்கிறது. இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று தோன்றும். தீப்பிடித்தால் காற்றுப்போக்கில்லாத அந்தப் பெட்டிதான் வெடிகுண்டாக மாறும். பிரைமரைக் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைக்கவே கூடாது. தட்டில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் இருப்பதற்குக் காரணம், ஒன்று வெடித்தால் மற்றவை தொடராமல் இருக்கத்தான். பவுடர் புட்டியைத் திறந்ததும் அமில நெடி அடித்தாலோ செம்பழுப்புத் தூசி எழுந்தாலோ அந்தப் பவுடர் கெட்டுவிட்டது.

சட்டத்தைப் பொறுத்தவரை, சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்ப அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை, விற்பதற்காகச் செய்தால் தயாரிப்பாளர் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம்.

நிரப்பி முடித்த ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு: தேதி, குண்டின் எடை, பவுடரின் பெயரும் அளவும், பிரைமர் வகை, மொத்த நீளம், கூடு எத்தனையாவது சுற்று. தட்டுப்பாட்டுக் காலத்தில் மூன்று வகைப் பவுடரும் இரண்டு வகைப் பிரைமரும் மாறி மாறிக் கைக்கு வரும்போது, ஆறு மாதம் கழித்து எந்தப் பெட்டியில் எது என்பதை ஞாபகத்தை நம்பிச் சொல்ல முடியாது. சீட்டில்லாத பெட்டி கிடைத்தால் சுத்தியல்வடிவக் குண்டு பிடுங்கியில் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். குண்டும் கூடும் பிரைமரும் திரும்ப உதவும். எந்த வகை என்று தெரியாத பவுடரை மட்டும் புட்டியில் சேர்க்காமல் அழித்துவிட வேண்டும்.